இரண்டு தேசிக்காய்

"ஏன் மோனை, கார் பழுதோ?"

பேர்த்திலிருந்து மெல்பேர்ண் வீட்டுக்குச் சைக்கிளில் வரப்போகிறேன் என்று சொன்னதும் அம்மா கொக்குவிலில் இருந்து கேட்ட முதற்கேள்வி இது. கார் ஒன்றல்ல, இரண்டு நிற்கிறது, இரண்டும் ஓடும், இது சும்மா ஒரு ஆசை என்றேன். "சும்மா ஆராவது மூவாயிரம் கிலோமீற்றர் உழக்குவினமோ?" என்றவர், கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டு, "வெளிக்கிடேக்க தேசிக்காயில ஏத்திப்போட்டு வெளிக்கிடு" என்று வைத்துவிட்டார். அது சம்மதமா சாபமா என்று தெரியவில்லை. பேர்த்தில் ஒரு பை தேசிக்காய் வாங்கி, முன் சில்லுக்கு ஒன்று, பின் சில்லுக்கு ஒன்று நசித்து, மிச்சத்தை ஹாண்டில் பைக்குள் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

அம்மாவின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அவருக்குச் சைக்கிள் என்பது வேறு வழியில்லாதவர்களின் வண்டி. 1990 இல் மறுபடி சண்டை தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. அதன்பிறகு வாத்தியார், டொக்டர், மாப்பிள்ளை, நெல்லு மூட்டை, விறகு, பிள்ளைப்பேற்று நோவெடுத்த பெண் எல்லோருக்கும் ஒரே வாகனம். பற்றரிக்கும் தடை என்பதால் இரவில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோ கேட்போம். எங்கள் வீட்டில் உழக்குவது என் வேலை. நான் களைத்தால் பிபிசி தமிழோசையும் களைக்கும். முற்றத்தில் இருபது பேர் ஒரே குரலில் "உழக்கடா" என்பார்கள். ஓரடி நகராமல் நான் உழக்கிய அந்தக் கிலோமீற்றர்களையும் சேர்த்தால் இந்தக் கண்டத்தை எப்போதோ கடந்திருப்பேன்.

பேர்த்திலிருந்து மெல்பேர்ணுக்கு ஏறக்குறைய 3,400 கிலோமீற்றர். ஆனால் இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுகிற எவரும் பேசுவது நடுவில் உள்ள 1,200 கிலோமீற்றரைத்தான்: நோர்ஸ்மனிலிருந்து செடுனா வரை, எயர் நெடுஞ்சாலை, அதன் வடக்கே விரிகிற சுண்ணாம்புக் கல் வெளி. மரமில்லாத இடம் என்று பொருள்படும் இலத்தீன் பெயர் அதற்கு. அதைத் தமிழில் நல்லபோர் என்று எழுதினால் நல்ல போர் ஆகிவிடுகிறது. அப்படியொன்றை நான் கண்டதில்லை. ஆகவே ஓரெழுத்தைக் குறைத்து நலபோர் என்றே எழுதுகிறேன். பெயரும் முழு உண்மையல்ல. நோர்ஸ்மன் பக்கம் செம்புநிறத் தண்டோடு யூக்கலிப்டஸ் காடு நாட்கணக்காகக் கூட வருகிறது. மெய்யாகவே மரமற்ற வெளியைச் சாலை தொடுவது கொஞ்சத் தூரம்தான்.

முதலில் பயமுறுத்தியது தண்ணீர். பெற்றோல் செற், சாப்பாட்டுக் கடை, கட்டில் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கிற ரோட்ஹவுஸ்கள்தான் இந்த வழியில் ஊர். நோர்ஸ்மனிலிருந்து முதலாவதான பலடோனியாவுக்கு 190 கிலோமீற்றர், அதிலிருந்து அடுத்த கைகுனாவுக்கு 180. காரில் இரண்டு மணித்தியாலம். எனக்கு இரண்டு நாள். பன்னிரண்டு லீற்றர் தண்ணீர், அரிசி, பருப்பு, அம்மா அனுப்பிய மிளகாய்த்தூள், கூடாரம் எல்லாம் ஏற்றிய பிறகு சைக்கிளைத் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை.

பலடோனியா தாண்டியதும் 90 மைல் நேர்ச்சாலை. 146.6 கிலோமீற்றர் ஒரு வளைவும் இல்லை என்று பலகை வைத்திருக்கிறார்கள். நேர்ச்சாலையில் களைப்பு காலில் தொடங்குவதில்லை, கண்ணில் தொடங்குகிறது. வளைவு ஒன்று இருந்தால் அதற்கப்பால் என்ன என்று மனம் ஏதாவது கற்பனை செய்யும். இங்கே எல்லாம் முன்னமே தெரிகிறது. எதிரே வருகிற லொறி கானலில் முதலில் இரண்டு துளியாக மிதக்கும், பிறகு ஒன்றாக ஒட்டும், பிறகும் வராது. ஒரு வாழைப்பழம் உரித்துத் தின்று முடித்த பின்புதான் வந்து சேரும். அது வந்தால் மரியாதையாக விலக வேண்டும். இரண்டு பெட்டி பூட்டி 36 மீற்றர் நீளத்துக்கு வருகிற றோட் ட்ரெயின் கடந்துபோகும்போது முதலில் காற்று தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் லொறி வந்தால் யோசிக்காமல் சரளைக்குள் இறங்கிவிடுவது நல்லது.

இதற்கென்றே சிறிய ரேடியோ ஒன்று கொண்டுபோயிருந்தேன். லொறிச் சாரதிகள் பேசிக்கொள்கிற சனல் 40 இல் போட்டு வைத்தால் யார் எங்கே வருகிறார்கள் என்று தெரியும். ஒரு காலையில், கைகுனாவுக்கு மேற்கே பத்துக் கிலோமீற்றரில் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் சைக்கிளில் வருகிறான், கவனம் என்று ஒரு குரல் இன்னொரு குரலுக்குச் சொன்னது. எனக்கு உடல் சிலிர்த்தது. சின்ன வயதில் உழக்கி உழக்கி யார் யாருடைய செய்தியையோ கேட்டவன். இன்றைக்குச் செய்தியே நான்தான். அதுவும் நல்ல செய்தி: ஆள் உயிரோடு இருக்கிறான், விலத்திப் போங்கள்.

முதன்முதலில் இந்த வெளியைச் சைக்கிளில் கடந்தவர் ஆர்தர் ரிச்சர்ட்சன். 1896 இல் கூல்கார்டியிலிருந்து அடிலெய்டுக்குத் தந்திக் கம்பியின் வழியே 31 நாளில் போனார். தார் போட்ட சாலை முழுதாக வந்தது 1976 இல்தான். அவரை நினைத்தால் என் முணுமுணுப்பு கொஞ்சம் குறையும். காற்றைப் பற்றி மட்டும் குறையாது. செப்ரெம்பரில் மேற்குக் காற்று முதுகில் தள்ளும் என்று படித்துத்தான் கிழக்கு நோக்கி வந்தேன். கொக்கிள்பிடியிலிருந்து மடுரா வரை 90 கிலோமீற்றரும் காற்று எதிரே வந்து நெஞ்சில் கைவைத்து நிறுத்தியது. மணிக்கு எட்டுக் கிலோமீற்றர். அந்தக் காற்றுக்குள் நான் திட்டிய தமிழைச் செத்த கங்காருவின் மேல் குந்தியிருந்த ஆப்புவால் கழுகு மட்டும் கேட்டது.

கைகுனாவில் மணி கேட்டேன். கடைக்காரப் பெண் இரண்டு விடை சொன்னாள். அங்கிருந்து எல்லை வரைக்குமான நாலைந்து ரோட்ஹவுஸ்கள் பேர்த் நேரத்திலிருந்து 45 நிமிடம் முன்னே ஓடுகின்றன. சட்டத்தில் இல்லாத நேரம், ஆனாலும் எல்லோரும் அதன்படிதான் சாப்பிடுகிறார்கள். வழக்கமாக வெளியூர்க்காரர்கள் குழம்புவார்களாம், நீ குழம்பவில்லையே என்றாள். 1996 இல் கொழும்பு கடிகாரத்தை முன்தள்ளியபோது வன்னி தள்ளவில்லை. புது நேரமா பழைய நேரமா என்று கேட்டுத்தான் நாங்கள் கல்யாணத்துக்கே போனோம். இதை அவளுக்கு விளக்க எனக்கு இங்கிலிஷும் போதாது, அவளுக்கு நேரமும் போதாது.

இந்த நாட்டில் எனக்கு மிகவும் பழகிய கேள்வி ஒன்றுண்டு. எங்கிருந்து வருகிறாய்? மெல்பேர்ண் என்றால் போதாது. இல்லை, உண்மையில் எங்கிருந்து, என்று இரண்டாவது தரம் வரும். கெட்ட எண்ணத்தோடு கேட்பவர்கள் குறைவு. இருந்தாலும் இருபது வருடமாகப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நலபோரில் கரவான் இழுத்து வருகிற ஓய்வூதியக்காரர்கள் நிறுத்தி நிறுத்தித் தண்ணீர் தருவார்கள், இதே கேள்வியைக் கேட்பார்கள். பேர்த் என்பேன். கடவுளே, பேர்த்திலிருந்தா என்று வாயைப் பிளப்பார்கள். அத்தோடு சரி. இரண்டாவது கேள்வி இல்லை. மடுராவில் ஒரு கிழவர் மட்டும் தொடர்ந்து கேட்டார், என்ன ரயர் போட்டிருக்கிறாய் என்று.

ரயரைப் பற்றிச் சொன்னால் முடியாது. வெடித்துச் சிதறிய லொறி ரயர்களின் கம்பி மயிர்போல் தெருவோரம் எங்கும் கிடக்கிறது. ஒன்பது ஒட்டுப் போட்டேன். ஒன்பதாவதில் சொலூசன் முடிந்தது.

தெற்கே, நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் விலகினால், நிலம் சட்டென்று வெட்டுண்டு கடலுக்குள் நிற்கிறது. பண்டா செங்குத்துப் பாறைகள். தலைவிரிகுடாவில் தாய்த் திமிங்கிலங்கள் குட்டிகளோடு கிடந்தன. ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு யலாட்டா. அங்கே வாழும் அனங்கு மக்கள் அந்த மண்ணுக்கு உரியவர்கள் அல்லர். அவர்களின் இடம் வடக்கே, பாலைவனம். 1950களில் ஆயுதச் சோதனைக்கென்று அந்த நிலம் மூடப்பட்டது. உல்டியா மிஷனில் இருந்தவர்களைத் தெற்கே கொண்டுவந்து இறக்கினார்கள். பிறகு மரலிங்காவில் பிரித்தானியர் அணுகுண்டு வெடித்தார்கள். உயர் பாதுகாப்பு வலயம் என்ற சொல்லோடு வளர்ந்தவனுக்கு இது படித்தவுடன் விளங்குகிற கதை. விளங்காதது வேறொன்று. இந்த நாடு எனக்குக் கடவுச்சீட்டுத் தந்த நாளில் கைதட்டி, மரக்கன்று ஒன்றும் தந்தது. அதை நான் நட்டது யாருடைய நிலத்தில் என்று அன்றைக்கு எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

யலாட்டாவிலிருந்து இரண்டு நாளாக ஏனோ அப்பாச்சியின் நினைவு. 1995 ஒக்ரோபர் 30, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தபோது எனக்குப் பதினைந்து வயது. அப்பாச்சியை ரலி சைக்கிளின் கரியரில் இருத்தி, பாரில் அரிசிப் பையைக் கட்டி, மழைக்குள் உருட்டிக்கொண்டு போனேன். கொக்குவிலிலிருந்து சாவகச்சேரி இருபது கிலோமீற்றர்தான். அந்த இரவும் போதவில்லை, அடுத்த பகலும் போதவில்லை. சைக்கிள் கையில் இருந்தும் ஏறி உழக்க இடமில்லை. முன்னால் போகிறவரின் குதிக்கால் என் முன்சில்லில் முட்டும். அப்பாச்சி இடைக்கிடை "இறங்கி நடக்கட்டோ, பாரமோ?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நலபோரில் முன்னால் ஒரு குதிக்காலும் இல்லை. கரியரில் தண்ணீர்தான் இருந்தது. ஆனாலும் மேடு வந்தால் எனக்கு அந்தக் கேள்வி கேட்கும்.

நோர்ஸ்மனிலிருந்து பதினாலாவது நாள் செடுனா. ஊருக்குள் நுழைய முன் ஒரு சோதனைச் சாவடி. பழ ஈ வந்துவிடக்கூடாதென்று கிழக்கே போகிற எல்லோரிடமும் பழமும் மரக்கறியும் வாங்கிக்கொள்கிறார்கள். இது எனக்கு முன்னமே தெரியும். வெங்காயத்தை முதல்நாள் இரவே பருப்பில் போட்டுத் தீர்த்திருந்தேன். ஆனால் தூரத்தில் தடுப்பும் சீருடையும் கண்ணில் பட்டபோது கால் தன்பாட்டில் நின்றது. நூறு மீற்றருக்கு முன்னமே இறங்கி, தொப்பியைக் கழற்றி, சைக்கிளை இடப்பக்கம் பிடித்து உருட்டிக்கொண்டு போனேன். சென்றியைச் சைக்கிளில் இருந்தபடி கடக்கக்கூடாது. யாரும் எனக்கு இங்கே அப்படிச் சொல்லவில்லை.

கையுறை போட்ட பெண் பைகளைப் பார்த்தாள். ஹாண்டில் பையின் அடியில் இரண்டு தேசிக்காய், கல்லாகக் காய்ந்து. மன்னிப்புக் கேட்டு நீட்டினேன். தொட்டிக்குள் போட்டாள். பிறகு, அவ்வளவு தூரத்திலிருந்து ஏன் உருட்டிக்கொண்டு வருகிறாய், ரயர் போய்விட்டதா என்றாள்.

ஓம் என்றேன்.

அவள் குனிந்து பெருவிரலால் முன் ரயரை அமத்தினாள். பிறகு பின் ரயரை. இரண்டும் கல்லுப்போல இருந்தன.