நாட்குறிப்பில் ஓராண்டு

2024ஆம் ஆண்டின் நாட்குறிப்பைப் புரட்டினேன். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. வாங்கியவற்றில் பாதியை இன்னும் பிரிக்கவில்லை. மே மாதம் உதகை. கூட்டம்தான் நினைவிலிருக்கிறது.

ஆகஸ்டில் நண்பர்களுடன் தரங்கம்பாடி. டேனியர் 1620இல் எழுப்பிய கோட்டையில் பொழுது சாயும்வரை கடலைப் பார்த்திருந்தோம். சற்றுத் தள்ளி மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்தது, கடல் அரித்துச் சிதைந்து பின் புதுப்பிக்கப்பட்டது. சிறுவயதில் தம் தந்தையின் கைபிடித்து அப்பா சென்ற கோயில். "ஒருமுறை கூட்டிப்போடா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "மார்கழியில் போகலாம்ப்பா" என்றிருந்தேன்.

டிசம்பர்ப் பக்கங்கள் முழுக்கக் கச்சேரிகள், ராகப் பெயர்கள்.

தை பிறந்தபோது அப்பாவால் மாடிப்படி இறங்க முடியவில்லை. கைப்பேசியிலிருந்த கோட்டைப் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "கோயிலை எடுக்கலையா?" என்றார்.

எடுத்திருக்கவில்லை.