காஸி: யானை வரும் பின்னே, எண்ணெய் ஆர்டர் வரும் முன்னே

காஸி என்றதும் பலருக்கு 2017-ல் வந்த ராணா படம்தான் ஞாபகத்துக்கு வரும். அதில் ஓர் இந்திய நீர்மூழ்கி கடலுக்கடியில் துரத்தித் துரத்தி பாகிஸ்தானின் காஸியோடு சண்டை போடும். விறுவிறுப்பான படம்தான், சந்தேகமில்லை. ஆனால் நிஜத்தில் எந்த இந்திய நீர்மூழ்கியும் காஸியோடு மோதியதாக இந்தியக் கடற்படையே சொன்னதில்லை.

நிஜக் கதை வேறு. அதில் டார்பிடோவைவிட எண்ணெய்க்கும், கறி காய்கறிக்கும், ஒரு தந்திக்கும்தான் பங்கு அதிகம். 'பர்ச்சேஸ் ஆர்டர்' என்றாலே கொட்டாவி விடும் காமர்ஸ் மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய யுத்தம் இது!

அமெரிக்காவில் பிறந்த பிசாசு

காஸியின் முதல் பெயர் டியாப்லோ. ஸ்பானிஷ் மொழியில் பிசாசு என்று அர்த்தம். அமெரிக்காவின் போர்ட்ஸ்மத் கடற்படைக் கட்டுமானத் தளத்தில் கட்டி, 1944 டிசம்பர் 1 அன்று கடலில் இறக்கினார்கள். 1945 மார்ச் 31 அன்று கடற்படையில் சேர்ந்தது. நீளம் சுமார் 95 மீட்டர். முன்னால் ஆறும் பின்னால் நான்குமாகப் பத்து டார்பிடோ குழாய்கள்.

ஜப்பானோடு சண்டை போடத்தான் கட்டினார்கள். ஆனால் பிசாசுக்கு ராசி இல்லை. பேர்ல் ஹார்பரிலிருந்து முதல் போர் ரோந்துக்குக் கிளம்பிய நாள் 1945 ஆகஸ்ட் 10. ஐந்தே நாளில் ஜப்பான் சரணடைந்துவிட்டது. அப்புறம் சுமார் இருபது வருடம் பயிற்சி, ஒத்திகை என்றே காலம் ஓடியது.

1964-ல் அமெரிக்கா அதைப் பாகிஸ்தானுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. பெயர் 'காஸி' ஆனது. அறப்போர் வீரன் என்று பொருள். தெற்காசியக் கடற்படைகளிலேயே முதல் நீர்மூழ்கி இதுதான். இந்தியாவின் முதல் நீர்மூழ்கி 'கல்வாரி' கடற்படையில் சேர்ந்தது 1967 டிசம்பரில்தான்.

1965 போரில் காஸியை பம்பாய்க்கு வெளியே காவல் வைத்தார்கள். இந்தியாவின் பிரம்மபுத்ரா என்ற போர்க்கப்பலை டார்பிடோவால் அடித்துவிட்டதாகப் பாகிஸ்தான் அறிவித்தது. இந்தியாவோ அந்தக் கப்பலையே பத்திரிகைக்காரர்களிடம் காட்டியது. ஒரு கீறலும் இல்லை! ஆக, தன்னுடைய முதல் போரிலும் காஸி எதையும் மூழ்கடிக்கவில்லை.

அந்தப் போருக்குப் பிறகு அமெரிக்கா ஆயுத உதவியை நிறுத்தியது. காஸிக்கோ வயதாகிவிட்டது, ரிப்பேர் பார்த்தே ஆக வேண்டும். துருக்கியில் பார்ப்பதாக ஏற்பாடு. சூயஸ் கால்வாய் 1967-லிருந்து மூடிக் கிடந்ததால் ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போனது. திரும்பி வரும்போது கடலுக்கடியில் கண்ணிவெடி விதைக்கும் வசதியும் அதில் இருந்தது.

வேறு ஆள் இல்லை

1971-ல் கிழக்குப் பாகிஸ்தான் பற்றி எரிந்தபோது பாகிஸ்தான் கடற்படையை அதிகம் பயமுறுத்தியது விக்ராந்த். இந்தியாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பல். கொதிகலன் ஒன்றில் விரிசல் விழுந்ததால் அதனால் முழு வேகத்தில் ஓட முடியாது. இருந்தாலும் அது வங்கக் கடலில் நின்றால் கிழக்குப் பாகிஸ்தானின் துறைமுகங்கள் அவ்வளவுதான்.

விக்ராந்தை அடிக்க யாரை அனுப்புவது? பாகிஸ்தானிடம் பிரான்ஸிலிருந்து வாங்கிய மூன்று புது நீர்மூழ்கிகள் இருந்தன. ஆனால் கராச்சியிலிருந்து இந்தியாவைச் சுற்றி வங்கக் கடல் வரை போய்ப் பல நாள் காத்திருக்கும் அளவுக்கு அவற்றால் ஓட முடியாது. அந்தத் தூரம் போகக்கூடியது கிழவன் காஸி மட்டும்தான். 1971 நவம்பர் 14 அன்று கமாண்டர் ஜாஃபர் முஹம்மது கான் தலைமையில், 90-க்கும் மேற்பட்ட ஆட்களோடு அது கராச்சியை விட்டுப் புறப்பட்டது.

நீர்மூழ்கியின் பலம் ஒன்றே ஒன்றுதான்: அது எங்கே இருக்கிறது என்று எதிரிக்குத் தெரியக் கூடாது. ஆனால் நீர்மூழ்கியும் ஒரு வண்டிதானே? அதற்கும் எண்ணெய் மாற்ற வேண்டும். கராச்சியிலிருந்து சிட்டகாங்குக்கு ஒரு செய்தி போனது. குறிப்பிட்ட ஒரு வகை லூப்ரிகேஷன் ஆயில் அங்கே கிடைக்குமா என்ற சாதாரண விசாரிப்பு. இந்தியக் கடற்படை அதை ஒட்டுக்கேட்டுவிட்டது. அந்த எண்ணெயை நீர்மூழ்கிகளிலும் கண்ணிவெடி அகற்றும் கப்பல்களிலும்தான் ஊற்றுவார்கள். அப்படியானால் வங்கக் கடலுக்கு ஒரு நீர்மூழ்கி வருகிறது. அவ்வளவு தூரம் வரக்கூடியது காஸி ஒன்றுதான். கணக்கு முடிந்தது!

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். காஸியின் மணி ஓர் எண்ணெய் டப்பா.

மணி மட்டும் அடித்த யானை

கிழக்குக் கடற்படைத் தளபதியாக விசாகப்பட்டினத்தில் இருந்தவர் வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்தவர். அவர் இதே பழமொழியைத் திருப்பிப் போட்டார். யானையை ஒளித்துவிட்டு மணியை மட்டும் அடித்தார்.

விக்ராந்த் சத்தமில்லாமல் அந்தமான் தீவுகளுக்குப் போய் ஒளிந்துகொண்டது. அது நின்ற இடத்துக்கு 'போர்ட் எக்ஸ்-ரே' என்று ரகசியப் பெயர். இங்கே விசாகப்பட்டினம் கடைத்தெருவில் கறியும் காய்கறியும் பெரிய அளவில் ஆர்டர் செய்யப்பட்டன. அவ்வளவு சாப்பாடு என்றால் பெரிய கப்பல் வந்திருக்கிறது என்றுதானே ஊர் பேசும்? உளவாளி காதுக்கு அது போகாமலா இருக்கும்? விக்ராந்த் வரப்போகிறது, தயாராக இருங்கள் என்று மெட்ராஸில் இருந்த கடற்படை அதிகாரிக்கும் செய்தி போனது.

ராஜ்புத் என்ற போர்க்கப்பல் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சரக்கு, ஓய்வு பெறும் நிலை. அதைக் கடலுக்கு அனுப்பி, விக்ராந்த் மாதிரி நடிக்கச் சொன்னார்கள். பெரிய கப்பலில் வயர்லெஸ் போக்குவரத்து அதிகம் இருக்கும் என்பதால் சரமாரியாகச் செய்திகள் அனுப்பப்பட்டன. அதில் ஒன்று, ஒரு மாலுமி தன் தாயாரின் உடல்நிலையை விசாரிக்கும் தந்தி. அதைச் சங்கேத மொழியில் மாற்றாமல், யார் வேண்டுமானாலும் கேட்கட்டும் என்றே அனுப்பினார்கள்.

தூண்டில் வேலை செய்தது. காஸி முதலில் மெட்ராஸ் பக்கம் தேடியது. விமானந்தாங்கி துறைமுகத்தில் இருப்பதாக நவம்பர் 25-ல் கராச்சியிலிருந்து தகவல் வர, விசாகப்பட்டினத்துக்குத் திரும்பியது. தன் பகுதிக்கு வந்து சேர்ந்ததும் காஸி செய்தி அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. அந்தச் செய்தி கராச்சிக்கு வரவே இல்லை.

என்னதான் நடந்தது?

டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் இந்தியத் தளங்கள் மீது குண்டு போட, போர் தொடங்கியது. அன்று நள்ளிரவை ஒட்டி ராஜ்புத் துறைமுகத்தை விட்டு வெளியேறியது. வழியில் தண்ணீரில் ஏதோ கலங்குவது தெரியவே, நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகள் இரண்டை வீசிவிட்டுப் போனது. சில நிமிடங்களில் பயங்கரமான ஒரு வெடிச் சத்தம். கரையில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. காலையில் மீனவர்கள் மிதந்த பொருட்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தார்கள். அடியில் காஸி, முன்பகுதி சிதைந்து கிடந்தது.

காஸியைக் கொன்றது எது? ராஜ்புத்தின் குண்டுகள் என்பது இந்தியாவில் பரவலாகச் சொல்லப்படுவது. காஸி விதைத்த கண்ணிவெடியே அதை அடித்தது, அல்லது உள்ளேயே ஏதோ வெடித்தது என்பது பாகிஸ்தான் தரப்பு. பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும்போது சேரும் ஹைட்ரஜன் வாயு காரணமாக இருக்கலாம் என்பாரும் உண்டு. இந்தியாவிலேயே உள்வெடிப்பை நம்பும் கடற்படையினர் இருக்கிறார்கள். அந்த நாட்களின் ஆவணங்கள் பல எப்போதோ அழிக்கப்பட்டுவிட்டன என்று 2010-ல் பத்திரிகைச் செய்தி வந்தது. எனவே இந்த வழக்குக்கு இனிமேல் தீர்ப்பு வருவது கஷ்டம்.

ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லை. விக்ராந்த் அங்கே இல்லை! டிசம்பர் 4 அன்று அதன் விமானங்கள் காக்ஸ் பஜாரைத் தாக்கிக்கொண்டிருந்தன. எது வெடித்திருந்தாலும், காஸியை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது கிருஷ்ணன் அடித்த மணி. அதைப் பெருமையாகச் சொல்ல வேண்டுமென்றால், சினிமாவில் வருகிற மாதிரி இல்லாத சண்டையை உண்டாக்க வேண்டியதில்லை. நடந்ததே போதும்.

பெருமையோடு நிறுத்திக்கொள்ளவும் முடியாது. காஸி மூழ்கியதை இந்தியா டிசம்பர் 9 அன்று அறிவித்தது. அதே நாள் இரவு பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி அரபிக் கடலில் நம் குக்ரி கப்பலை மூழ்கடித்தது. 194 பேர் போனார்கள். கடல் யார் பக்கமும் நிற்காது.

காஸியில் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. 2024 பிப்ரவரியில் இந்தியக் கடற்படையின் ஆழ்கடல் மீட்பு வாகனம் அந்தச் சிதைவைக் கண்டறிந்ததாகச் செய்தி வந்தது. இறந்தவர்களுக்கு மரியாதையாக அதைத் தொடாமல் விட்டுவிட்டார்கள்.

ராஜ்புத் அனுப்பிய தந்தியில் மகன் தாயைப் பற்றி விசாரித்தது வெறும் நடிப்பு. அந்த நேரத்தில் கராச்சியில், மகனைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் நிஜமாகவே காத்திருந்த தாய்கள் எத்தனை பேரோ...