முதல் பார்வை பாம்புக்கு

குளுவாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் அம்மா உதிரிப் பழம் பொறுக்கினார். பள்ளி விடுமுறையில் நானும் சாக்கோடு பின்னால் போவேன். குலை விழும்போது சிதறும் பழங்கள் புல்லிலும் மட்டை இடுக்கிலும் ஒளிந்துகொள்ளும். அந்தச் சிவப்பைத் தேடியே, நெரை என்று நாங்கள் சொல்லும் மர வரிசைகளில் அம்மா குனிந்து நடப்பார்.

மாலையில், "ஆறாவது நெரை முடிவுல சிலி பாடி மிளகாய் பழுத்திருக்கு, பறிச்சிட்டு வாய்யா" என்பார். போய்ப் பார்த்தால் இருக்கும். தம்பி தவறவிட்ட பச்சைத் தண்ணீர்ப் போத்தலும் அவர் நடந்த வழியில்தான் கிடந்தது. கேட்டால், "என் கண்ணுல படலையே" என்றார். எனக்கு அது வியப்பாக இருந்தது.

காரணம் பின்னாளில் படித்துத்தான் தெரிந்தது. 2005இல் வில்லியம்ஸ், ஹெண்டர்சன், சாக்ஸ் என்ற ஆய்வாளர்கள், தலா 12 பொருள்களின் படங்கள் கொண்ட 32 தொகுப்புகளைக் காட்டி, குறிப்பிட்ட பொருளைத் தேடும்படி சிலரிடம் சொன்னார்கள். நினைவில் வைத்துக்கொள்ளும்படி யாரிடமும் சொல்லவில்லை. பிறகு சோதித்தபோது, தேடிய பொருளும் அதோடு தொடர்புடையவையும் நுணுக்கமாக நினைவில் இருந்தன. தொடர்பில்லாதவை அவ்வளவாகத் தங்கவில்லை.

இப்படி ஒன்றையே தேடுவதில் ஆபத்தும் உண்டு. 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நுரையீரல் சிடி படங்களில் சிறு கட்டிகளைத் தேடிய 24 கதிரியக்க மருத்துவர்களில் 20 பேர், அவற்றில் வேண்டுமென்றே சேர்த்திருந்த கொரில்லா உருவத்தைக் கவனிக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் கண் அந்த இடத்தில் பதிந்தும் அது தெரியவில்லை.

அம்மாவுக்கு இந்த ஆய்வெல்லாம் தெரியாது. எலியைத் தேடிப் பாம்பு வரும் தோட்டம் அது. அதனால் ஒவ்வொரு மரத்தடியிலும் குனியுமுன் நிமிர்ந்து நின்று, குச்சியால் மட்டையைத் தட்டிப் பாம்பு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். பழத்தைத் தேடுவது அதன் பிறகுதான். "பழத்தைப் பார்க்கிற கண்ணுக்குப் பாம்பு தெரியாது" என்பார்.

பாசிர் கூடாங் கிடங்கில் சரக்குச் சரிபார்க்கும் வேலையில் நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன். கசிவு, உடைசல் பார்க்க ஒரு சுற்று. லேபிள் பார்க்க இன்னொரு சுற்று. நேரம் கூடுதலாகும், ஆனால் மனம் நிம்மதியாக இருக்கும்.

காரை எடுக்குமுன், அடுப்படியை விட்டு வெளியேறுமுன், ஆபத்துக்கென்று தனியாக ஒரு முறை பாருங்கள். வேறொன்றைத் தேடும்போது அதுவும் கண்ணில் பட்டுவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.