எர்த் வயர்



கடந்த மூன்று சனிக்கிழமைகளை ரூஜில் நம் பங்கைச் சேர்ந்த தம்பி ஒருவரின் கராஜில் கழித்தேன். அவருடைய தந்தை காலமாகுமுன் பாதியில் விட்டுச்சென்ற கிட் கார் அங்கே நிற்கிறது. பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பொருத்தும் வண்டி. உடல் முழுவதும் ஃபைபர் கிளாஸ். முன்விளக்கைப் போட்டால் சிக்னல் விளக்கு மங்கிற்று.

தம்பி பற்றரியைச் சந்தேகித்தார். எனக்கோ யாழ்ப்பாணத்து மொரிஸ் மைனர்கள் நினைவுக்கு வந்தன. அவற்றில் மின்சாரம் பற்றரிக்குத் திரும்பும் பாதை இரும்பு உடலே. ஃபைபர் கிளாஸ் மின்சாரத்தைக் கடத்தாது. ஒவ்வொரு விளக்குக்கும் எர்த் வயர் தனியே இழுத்தாக வேண்டும். தந்தையாரோ முன்பக்க விளக்குகள் அனைத்துக்கும் ஒரே மெல்லிய வயரை விட்டிருந்தார். அதன் முனையிலும் களிம்பு ஏறியிருந்தது.

“எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாக இழுப்போம்” என்றேன்.

தம்பி நெடுநேரம் பேசவில்லை. “அப்பா இழுத்தது, ஃபாதர்.”

ஒரு வயரை வளைத்துக் காட்டினேன். உறை பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அந்த வண்டியில் அவருடைய பிள்ளைகள் ஏறுவதற்கு நான் உடன்படமுடியுமா?

பழைய பிரிட்டிஷ் நிற ஒழுங்கையே பின்பற்றினோம்: பற்றரியிலிருந்து நேரே வருவது பழுப்பு, சாவி வழியே வருவது வெள்ளை, எர்த் கறுப்பு. (குருமடத்தில் இலத்தீன் வினைத்திரிபுகளை மனனம் செய்ததைவிட இது எளிது.)

பழைய வயர்களில் தந்தையார் எழுதி ஒட்டியிருந்த தாள்துண்டுகளைத் தம்பி பதமாக உரித்துப் புதியவற்றில் ஒட்டினார். “வலது பின்”, “இடது முன்”, “ஹோர்ன்”.

நேற்று மாலை விளக்குகள் அனைத்தும் எரிந்தன. ஹோர்ன் இன்னும் ஒலிக்கவில்லை.