படியில்லாத ஒரு வாசல்

அமெரிக்காவில் சக்கர நாற்காலியில் நடமாடுகிற ஒருவர் நீதிமன்றத்துக்குப் போகலாம், நூலகத்துக்குப் போகலாம், சினிமா பார்க்கலாம், பேருந்தில் ஏறலாம். 1990ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் அந்த அளவுக்கு வழி திறந்து விட்டிருக்கிறது. ஆனால் அதே மனிதர் தன் தங்கை வீட்டு விருந்துக்குப் போவது சந்தேகம்தான். வாசலில் மூன்று படி இருக்கும். யாராவது இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்துவிட்டாலும், கழிவறைக் கதவு நாற்காலியைவிடக் குறுகலாக இருக்கும். அதனால் கிளம்புவதற்கு முன்பே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார். அல்லது ஏதோ சாக்குச் சொல்லிப் போகாமலே இருந்துவிடுவார். சட்டம் எங்கே நின்றுவிட்டது என்று பார்த்தால் காரணம் புரியும். 1990 சட்டம் பொது இடங்களைப் பற்றியது. 1988ல் திருத்தப்பட்ட வீட்டுவசதிச் சட்டம், நான்கோ அதற்கு மேலோ குடியிருப்புகள் உள்ள புதுக் கட்டடங்களோடு நின்றுகொண்டது. நாட்டின் குடியிருப்புகளில் பாதிக்கு மேல் தனி வீடுகள். அவற்றை இந்த இரண்டு சட்டங்களுமே தொடவில்லை. 2011ம் ஆண்டு வீட்டுக் கணக்கெடுப்பை வைத்து மத்திய வீட்டுவசதித் துறைக்காகச் செய்யப்பட்ட ஆய்வு, நடப்பதில் மிதமான சிரமம் உள்ளவர் வாழத்தக்க வீடுகள் 5 சதவீதத்துக்கும் குறைவு என்றது. சக்கர நாற்காலிக்கு முழுதும் பொருந்துபவை 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

இந்த இடைவெளியைக் குறிவைத்து 1987ல் ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டாவில் 'கான்கிரீட் சேஞ்ச்' என்ற சிறு குழு தொடங்கியது. அதை வழிநடத்திய எலினார் ஸ்மித், குழந்தையாக இருந்தபோது போலியோவால் பாதிக்கப்பட்டவர். குழு கேட்டது மூன்றே மூன்று. படியில்லாத ஒரு வாசல்: முன்பக்கமோ பின்பக்கமோ பக்கவாட்டிலோ, எங்கிருந்தாலும் சரி. கீழ்த்தளக் கதவுகள் திறந்த நிலையில் 32 அங்குல வழி. கீழ்த்தளத்தில், நாற்காலியோடு நுழைந்து கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஒரு கழிவறை. விருந்தாளி வந்து போக முடிந்த வீடு என்ற பொருளில் இதை 'விசிட்டபிலிட்டி' என்றார்கள். அட்லாண்டா நகரம் 1992ல், தன் நிதியுதவி பெறும் புதுத் தனி வீடுகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. இந்தக் கோரிக்கை சிறியதாக இருப்பதில்தான் அதன் பலம் இருக்கிறது என்பது என் எண்ணம். சமையல் மேடையின் உயரம், படுக்கையறை, குளியல் தொட்டி எதைப் பற்றியும் அது பேசவில்லை. ஆனால் கேட்ட மூன்றையும் புதிதாக எழும் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டது. இருபதில் ஒரு வீட்டை மிகச் சிறப்பாகக் கட்டுவதைவிட, இருபதையும் ஓரளவு கட்டுவது மேல் என்ற கணக்கு அது.

அந்தக் கணக்கு சரியா என்பதுதான் கேள்வி. பழைய அணுகுமுறை வேறு: மத்திய அரசு உதவியில் எழும் அடுக்குமாடிகளில் 5 சதவீதக் குடியிருப்புகளை நடமாட்டக் குறை உள்ளோருக்கென ஒதுக்குவது. தேவையானதுதான்; அதைக் கைவிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் ஒதுக்கப்பட்ட வீட்டில் வாழ்பவர் அந்த வீட்டுக்குள்ளேதான் வாழ முடியும். பக்கத்து வீட்டுக் காப்பிக்கும், எதிர்வீட்டுத் துக்கத்துக்கும், நண்பன் வீட்டில் கால்பந்தாட்டம் பார்க்கவும் அவருக்கு வழியில்லை. தவிர, யாருக்கு எந்த வீட்டில் இருக்கும்போது கால் முடங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2008ல் அமெரிக்கத் திட்டமிடல் சங்கத்தின் ஆய்விதழில் ஒரு மதிப்பீடு வந்தது. புதிதாகக் கட்டப்படும் தனி வீட்டில், அதன் ஆயுளுக்குள் உடற்குறை உள்ள ஒருவராவது குடியிருக்கும் வாய்ப்பு 60 சதவீதம் என்றும், விருந்தாளிகளையும் சேர்த்தால் 91 சதவீதம் என்றும் அது சொன்னது. கட்டுரையை எழுதியவர்களில் எலினார் ஸ்மித்தும் ஒருவர் என்பதால் வாசகர் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம். தாராளமாகத் தள்ளினாலும் வாதம் நிற்கிறது. ஒரு வீடு பல பத்தாண்டுகள் நிற்கும், பல குடும்பங்கள் மாறும், எல்லாருக்கும் வயதாகும்.

முதலில் எழும் எதிர்ப்பு செலவு. கட்டடத்தின் நுணுக்கம் தெரியாவிட்டால் இந்த எதிர்ப்பு மிக நியாயமாகத் தோன்றும். தரையோடு கான்கிரீட் போட்டு எழுப்பும் வீட்டில் தரைமட்டம் ஏற்கெனவே தாழ்ந்துதான் இருக்கிறது. வாசல் வரை மண்ணைச் சமன்படுத்தி நடைபாதையைச் சாய்த்து எடுத்தால் முடிந்தது. மழைநீர் வாசலை நோக்கி ஓடாமல் சற்றுத் தள்ளி ஒரு ஆழமற்ற வாய்க்கால் வெட்ட வேண்டும், அதையும் நல்ல மேஸ்திரி எப்படியும் செய்வார். நிலவறை உள்ள வீடுகளில்தான் சிக்கல், ஏனென்றால் அங்கே அஸ்திவாரச் சுவரின் தலைமேல் உத்தரங்களை வைத்து, அதற்கு மேல் தரை போடுவது வழக்கம். உத்தரத்தின் உயரம் முழுதும் படிகளாக வெளியே வந்துவிடுகிறது. சுவரின் உட்பக்கம் ஒரு விளிம்பு விட்டு உத்தரங்களை அதில் இறக்கி வைத்தால் தரை தாழும், படி மறையும். கதவைப் பொறுத்தவரை பேச்சே இல்லை: மரச்சட்டச் சுவர்களில் கதவு அகன்றால் சுவர் குறையும், விலை வித்தியாசம் அற்பம். கீழ்த்தளக் கழிவறைக்கு மட்டும் வீட்டிலேயே மிகக் குறுகிய கதவைப் போடும் பழக்கம் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. வரைபடத்திலேயே திட்டமிட்டால் சில நூறு டாலருக்குள் அடங்கும் என்பது இயக்கத்தாரின் மதிப்பு. அவர்கள் சொல்வதைவிட இரண்டு மடங்கு ஆகும் என்று வைத்துக்கொண்டாலும், கட்டி முடித்த வீட்டில் சுவரை உடைத்துக் கதவை அகட்டி, ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி வீதம் சாய்தளம் இழுக்கும் செலவின் பக்கத்தில் அது நிற்காது. இரண்டரை அடி உயர வாசலுக்கு முப்பது அடிச் சாய்தளம் வேண்டும். முன்புறத் தோட்டமே போய்விடும்.

இவ்வளவு மலிவானால் சந்தையே செய்துவிடாதா, கேட்பவருக்குக் கட்டிக் கொடுக்க பில்டர் மறுப்பாரா என்பது அடுத்த கேள்வி. கேட்க வேண்டியவர் அங்கே இல்லை என்பதுதான் பதில். வீட்டை வாங்குபவருக்கு முப்பத்தைந்து வயது, நன்றாக ஓடியாடுகிறார். சமையலறைக் கல்லின் நிறத்தைப் பற்றி ஒரு மாதம் யோசிப்பவர், தாம் வழுக்கி விழும் நாளைப் பற்றி யோசிப்பதில்லை, யோசிக்க விரும்புவதும் இல்லை. விருந்தாளியோ விலை பேசும் மேசையில் உட்காருவதே கிடையாது. டெக்சஸிலும் நியூ ஜெர்சியிலும் வீடு வாங்கிய நம் பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாதம் தங்கப் போகிற அப்பா அம்மாக்களும் அந்த மேசையில் இல்லாதவர்கள்தான். முழங்கால் வலியோடு மாடிப்படியை எண்ணிக்கொண்டிருப்பவர்கள். பயன்பெறுகிறவரும் பணம் கொடுக்கிறவரும் வெவ்வேறு ஆளாக இருக்கும்போது சந்தை தானாகச் சரிசெய்யும் என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை.

சந்தை செய்யாததை விதியால் செய்யவைக்கும் ஊர்ப் பணிக்குழுவின் வேலை இங்கேதான் வருகிறது. அமெரிக்காவில் கட்டட விதிகளை நடைமுறையில் இயக்குவது நகரமும், நம் மாவட்டம் போன்ற கவுன்டியும். அனுமதிக்கு வரும் வரைபடத்தைப் பார்ப்பவரும், அஸ்திவாரம் போட்ட பிறகு நேரில் வந்து அளப்பவரும் உள்ளூர் ஆட்கள். எனவே உள்ளூரில் ஒரு குழு அமைவது இயல்பு: சக்கர நாற்காலியில் இருப்பவர் சிலர், ஒரு கட்டடக்கலைஞர், கட்டட ஆய்வாளர், முதியோர் நலத்துறையிலிருந்து ஒருவர், ஒரு பில்டர். இப்படிப்பட்ட குழுக்கள் எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பில்டர்கள் மெல்ல முன்வைக்கும் யோசனை ஒன்று உண்டு: கட்டாயம் எதற்கு, விரும்பிச் செய்பவருக்குச் சான்றிதழ் தருவோம், விருது தருவோம். கேட்க நயமாக இருக்கும். ஜார்ஜியாவிலேயே 'ஈஸி லிவிங் ஹோம்' என்று ஒரு தன்விருப்பத் திட்டம் ஓடியது. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விதி வந்த ஊர்களில் வீடுகள் வரிசையாக எழுந்ததைப் போல் சான்றிதழால் எழவில்லை. விழிப்புணர்வுக் கையேடு அச்சடித்து, படம் எடுத்துக்கொண்டு கலைந்துவிடும் குழு, எதிர்ப்பாளர்களுக்கு நல்ல கேடயம். அடுத்த முறை யாராவது கேட்டால், அதற்குத்தான் ஏற்கெனவே ஒரு திட்டம் இருக்கிறதே என்பார்கள்.

அரிசோனாவின் பிமா கவுன்டி வேறு வழியில் போனது. டூசான் நகரைச் சூழ்ந்த பகுதி அது. நகர எல்லைகளுக்கு வெளியே எழும் எல்லாப் புதுத் தனி வீடுகளுக்கும், அரசுப் பணம் ஒரு டாலர்கூடப் படாத வீடுகளுக்கும் சேர்த்து, 2002ல் விதியைக் கொண்டுவந்தது. கட்டுமான முதலாளிகளின் சங்கம் வழக்குப் போட்டது. என் வீடு, என் பணம், என் வாசல். இதில் கவுன்டிக்கு என்ன வேலை என்பதுதான் வாதத்தின் சாரம். சமத்துவ உரிமை, அந்தரங்க உரிமை எல்லாம் எடுத்துவைக்கப்பட்டன. 2003ல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் விதி செல்லும் என்றது. எனக்கும் அந்த எதிர்ப்பு பெரிதாகப் படவில்லை. அமெரிக்க மின்விதி, சுவரில் எந்த இடமும் பிளக் பாயின்ட்டிலிருந்து ஆறடிக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது என்று தனியார் படுக்கையறைக்குள் நுழைந்து சொல்கிறது. அதை யாரும் சுதந்திரத்தின் மீதான தாக்குதலாகக் கருதுவதில்லை. பிளக்குக்குப் பழகிவிட்டோம், வாசலுக்குப் பழகவில்லை, அவ்வளவே.

அரிசோனா பாலைவனம், தரை தட்டை, அங்கே சரிப்படும். பனி கொட்டும் ஊரில் நடக்குமா என்றார்கள். சிகாகோவுக்கு அருகே உள்ள போலிங்புரூக் 2003ல் எல்லாப் புது வீடுகளுக்கும் இதைச் சட்டமாக்கியது. அங்கே பனியும் உண்டு, நிலவறையும் உண்டு. பனியை வாரித் தள்ள, படிகளைவிடச் சாய்வான பாதை வசதி என்பதைக் கையில் மண்வாரி பிடித்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். இங்கிலாந்தும் வேல்ஸும் 1999லேயே எல்லாப் புது வீடுகளுக்கும் இதுபோன்ற விதியை நடைமுறைப்படுத்திவிட்டன; மழைக்கும் ஈரத்துக்கும் பேர்போன நாடுகள். அமெரிக்க நாடாளுமன்றத்திலோ, இல்லினாய் உறுப்பினர் ஜான் ஷகௌஸ்கி இதற்கான மசோதாவை மீண்டும் மீண்டும் கொண்டுவந்தும் அது சட்டமாகவில்லை. மேலிருந்து வரும் என்று காத்திருந்த ஊர்கள் இன்னும் காத்திருக்கின்றன.

இந்த எதிர்ப்புகள் எல்லாம் வெளியிலிருந்து வருபவை. உள்ளிருந்து வருவது ஒன்று இருக்கிறது, அதுதான் கனமானது. மாற்றுத்திறனாளிகளிலேயே சிலர், இது மிகக் குறைவு என்கிறார்கள். விருந்தாளியாக வரலாம் சரி, வாழ முடியுமா? படுக்கையறையும் குளியலறையும் மாடியில் இருந்தால் கீழே ஒரு கழிவறை இருந்து என்ன பயன்? பார்வையற்றவருக்கும் காது கேளாதவருக்கும் இந்த மூன்று அம்சங்களால் ஒன்றும் ஆவதில்லை. குறைந்தபட்சத்தை விதியாக எழுதிவிட்டால் அதுவே உச்சவரம்பாகிவிடும் என்ற பயமும் அவர்களுக்கு உண்டு. இவற்றில் எதையும் மறுக்க எனக்குத் துணிவில்லை. இங்கிலாந்தில் 2015ல் மூன்று படிநிலைகள் வகுத்து, விருந்தாளி வரத்தக்க வீட்டை அடிமட்டமாகவும் அதற்கு மேல் இரண்டை உள்ளாட்சிகள் கேட்கக்கூடியவையாகவும் வைத்தது இந்தக் குறைக்கு ஒரு பதில். ஆனாலும் மூன்று அம்சங்கள் சும்மா இல்லை. இடுப்பெலும்பு முறிந்த ஒருவரை மருத்துவமனையிலிருந்து எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்கும்போது, வீட்டுக்குள் நுழைய முடியுமா, கழிவறைக்குள் போக முடியுமா என்ற இரண்டும் முதலில் எழும். முடியும் என்றால் வரவேற்பறையில் ஒரு கட்டிலைப் போட்டுச் சமாளிக்கலாம். முடியாது என்றால் முதியோர் பராமரிப்பு நிலையம். பத்து அம்சங்கள் கேட்டிருந்தால் பிமாவில் விதி வந்திருக்குமா என்பதும் சந்தேகமே.

அப்படியானால் பணிக்குழுவின் உண்மையான போராட்டம் கொள்கையில் இல்லை, விலக்குகளில்தான். கராஜ் வழியாக வாசல் வைக்கலாமா? விருந்தாளியைக் காரும் குப்பைத்தொட்டியும் நிற்கும் இடத்தின் வழியே அழைத்துவருவது மரியாதையா என்று சிலருக்குக் கூச்சம். அந்த வீட்டுப் பிள்ளைகளே தினமும் அந்த வழியாகத்தான் வருகிறார்கள், அனுமதிக்கலாம். செங்குத்தான மனைகளுக்கு விலக்கு வேண்டும், அதிலும் தகராறில்லை. ஆனால் மனை செங்குத்து என்று தீர்மானிப்பது பில்டராக இருக்கக் கூடாது. அளவுநாடாவோடு வரும் ஆய்வாளர், விலக்குக்கான காரணத்தைக் கோப்பில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கதவு அகலத்துக்கும் கழிவறைக்கும் சரிவோடு சம்பந்தமே இல்லை என்பதால், வாசலுக்குத் தந்த விலக்கு அவற்றுக்கும் நீளாதபடி விதியில் தனி வரியாக எழுதிவைக்க வேண்டும்.