மாமா, எனக்கு கியர் சைக்கிள்!

சென்ட்ரல்ல இறங்கி பூக்கடைப் பக்கமா நடந்தா ரட்டன் பஜார். ரட்டன் என்றால் பிரம்பு. ஆனா அங்கே நீங்க பார்க்கப் போறது சைக்கிள், சைக்கிள், அதுக்கு மேலயும் சைக்கிள்! கடை வாசல்ல வரிசையா நிற்கும், கூரையில இருந்து தலைகீழா தொங்கும், மூணு சக்கர வண்டியில பாதி பாதியா பிரிஞ்சு போய்க்கிட்டிருக்கும். பிளாட்பாரத்துல நடக்க இடம் தேடினா, ஏதாவது ஒரு ஹேண்டில்பார் உங்க சட்டைப் பையைப் பிடிச்சு இழுத்து 'உள்ளே வாங்க சார்'னு கூப்பிடும்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை அங்கே போனேன். கூட அக்கா, அக்கா பையன் (எட்டு வயசு), அக்கா பொண்ணு (நாலு வயசு). அக்காவோட ஹேண்ட்பேக்ல ஆறாயிரம் ரூபாய். தையல் மெஷின் மிதிச்சு, ஜாக்கெட்டுக்கு ஜாக்கெட் சேர்த்த காசு. 'பிறந்த நாளுக்கு சைக்கிள்'னு பையனுக்கு வாக்கு கொடுத்தாச்சு. தப்பிக்க முடியாது.

பையன் உள்ளே நுழைஞ்சதும் நேரா ஒரு 24 இன்ச் வண்டிகிட்ட போய் நின்னான். கியர், டிஸ்க் பிரேக், ஃபைட்டர் ப்ளேன் மாதிரி பெயின்ட். "மாமா, எனக்கு இதான்!" விலை? அக்கா பையில இருந்ததைவிட மூவாயிரம் கூட. கடைக்காரரோ, "வளர்ற பையன் சார், பெருசா எடுத்துட்டீங்கன்னா அஞ்சு வருஷம் கவலையில்ல"ன்னு எடுத்துக் கொடுத்தார்.

இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீங்க. ஸ்கூல் யூனிஃபார்ம் எடுக்கும்போது நம்ம அம்மாக்கள் சொன்ன அதே வசனம். தொளதொள டவுசரால யாரும் பஸ்ல அடிபடப் போறதில்லை. சைக்கிள் அப்படி இல்லையே பாஸ்! பையனை சீட்டுல உட்கார வெச்சேன். ரெண்டு காலும் அந்தரத்துல ஆடுது. கட்டைவிரல்கூட தரையைத் தொடலை. பிரேக் பிடிடான்னா, விரல் எட்டாம முழுக்கையையும் முன்னாடி நகர்த்துறான். அந்த நேரத்துல ஹேண்டிலை யார் பிடிப்பாங்க?

வயசைப் பார்த்து சைக்கிள் வாங்காதீங்க, காலைப் பாருங்க. சும்மா ஒரு கணக்குக்கு, நாலஞ்சு வயசுக்கு 16 இன்ச், ஏழெட்டுக்கு 20, பத்து வயசுக்கு மேல 24ன்னு சொல்லுவாங்க. ஆனா ஒரே கிளாஸ்ல நெட்டையும் இருக்கான், குட்டையும் இருக்கான். சீட்டைக் கீழே இறக்கி உட்கார்ந்தா பாதம் தரையில படணும். பாரைக் கால்களுக்கு நடுவுல விட்டு நின்னா, கொஞ்சம் இடைவெளி இருக்கணும். அவ்வளவுதான் விஷயம். நம்ம தாத்தா காலத்துல பெரிய வண்டியில பாருக்குக் கீழே காலை விட்டு குரங்கு பெடல் அடிச்சாங்க, உண்மைதான். 2024-ல் அதே பேர்ல படமே வந்துச்சு. படத்துல பார்க்க நல்லா இருக்கும். லாரி ஓடுற ரோட்டுல வேண்டாம்.

அப்போ 20 இன்ச். புதுசு ஐயாயிரத்து ஐந்நூறு சொன்னாங்க. அக்கா பையைத் திறக்கப் போனா. நான்தான், "இரு, நம்ம தெரு முனை கடையில ஒரு தடவை கேட்டுட்டு வந்துடலாம்"னு இழுத்துட்டு வந்தேன். வழி முழுக்க பையன் என்கூட பேசலை.

எங்க தெரு முனையில ஒரு பஞ்சர் கடை. போர்டு கிடையாது. மரத்துல தொங்குற பழைய டயர்தான் போர்டு. அண்ணன்கிட்ட எப்பவும் அஞ்சாறு பழைய வண்டி நிற்கும். எல்லாம் அந்தந்த வீட்டுப் பசங்க வளர்ந்து விட்டுட்டுப் போனது. 20 இன்ச்ல ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு பளபளன்னு புது பெயின்ட்ல, ஆயிரத்து இருநூறு. இன்னொண்ணு துரு, கிழிஞ்ச சீட், ஆயிரத்து ஐந்நூறு.

என்னடா இது, உல்டாவா இருக்கேன்னு நினைச்சேன். அண்ணன் சிரிச்சுக்கிட்டே பளபளா வண்டியோட கழுத்துக்குக் கீழே விரலால தடவச் சொன்னார். பெயின்ட்டுக்கு அடியில மேடு மேடா இருந்துச்சு. வெல்டிங்! "எங்கேயோ நேரா மோதி ஃபோர்க் விட்டிருக்கு தம்பி. ஒட்டி வெச்சிருக்கான். பழைய இரும்புக்குத்தான் போடப் போறேன். உனக்குத் தர மாட்டேன்"னார். நான் கேட்காம இருந்திருந்தா? அவர் சொல்லாம இருந்திருந்தா? அன்னிக்கு ராத்திரி அதை நினைச்சு எனக்கு கொஞ்சம் வயித்தைக் கலக்குச்சு. எல்லா அண்ணனும் நம்ம அண்ணன் மாதிரி இருக்க மாட்டாங்களே!

அதனால விரலை நம்புங்க, கண்ணை நம்பாதீங்க. துருவைத் தேய்ச்சா போயிடும். ஃப்ரேம்ல, ஃபோர்க்ல ஒட்டு, விரிசல், வளைவு இருந்தா சும்மா கொடுத்தாலும் வேண்டாம். சக்கரத்தைத் தூக்கிச் சுத்தி விடுங்க. பாம்பு மாதிரி நெளிஞ்சா கோட்டம். அது ஸ்போக் சாவியில சரியாகுமா, இல்லை ரிம்மே மாத்தணுமான்னு கேளுங்க. முன் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினா, ஹேண்டில்கிட்ட 'டக் டக்'னு சத்தம் வருதா? அது பால்ஸ், கப் வேலை. டயர்ல வெடிப்பு, தேய்ஞ்ச பிரேக் கட்டை எல்லாம் காசுல முடியற சமாசாரம். அந்தக் காசையும் கூட்டி, புது விலையில பாதியைத் தாண்டினா, புதுசே வாங்கிடலாம்ங்கறது என் கட்சி.

துரு வண்டிக்கு ஓவராயிலிங், டயர், ட்யூப், பிரேக் கட்டை, சீட் எல்லாம் சேர்த்து எண்ணூறு. மொத்தம் ரெண்டாயிரத்து முந்நூறு. ஹெல்மெட் மட்டும் புதுசு. அதைப் பழசா வாங்கவே கூடாது. ஒரு தடவை அடி வாங்கியிருந்தா, உள்ளே விட்டிருக்கறது வெளியே தெரியாது.

ரெண்டு வருஷத்துல இவனுக்கு இந்த வண்டி சின்னதாயிடும். அப்போ 24-ல புதுசு வாங்குவோம். அது ஸ்கூலுக்குப் போக நாலஞ்சு வருஷம் உழைக்கும், போட்ட காசுக்கு நியாயம். அப்புறம் ப்ளஸ் ஒன் போனா அரசு சைக்கிள் இருக்கு. 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்சு, 2005-ல் எல்லாருக்கும்னு ஆன திட்டம். இவன் படிக்கறது அரசு உதவி பெறும் பள்ளிதான்.

கணக்கு பக்கா இல்லையா? அப்படித்தான் நானும் காலரைத் தூக்கிக்கிட்டேன். சின்னது வந்து கேட்டுச்சு, "எனக்கு எப்போ மாமா?"

"அண்ணன் வளர்ந்ததும் இது உனக்குத்தான் செல்லம்."

சொன்னதும் சுருக்குனு இருந்துச்சு. ஏன்னா நானும் வீட்டுக்கு ரெண்டாவது பிள்ளை. ஆறாம் கிளாஸ்ல அக்காவோட பிங்க் கலர் லேடிஸ் சைக்கிள்லதான் ஸ்கூலுக்குப் போனேன். 'லேடி பேர்டு'ன்னு வெச்ச பட்டப்பேரு ப்ளஸ் டூ வரைக்கும் கூட வந்துச்சு. பழசு பரவாயில்லைங்க, எப்பவும் பழசு மட்டும்தான்ங்கறதுதான் வலிக்கும். அந்த பிங்க் சைக்கிளோட ஒரிஜினல் ஓனர் பக்கத்துலயேதான் நின்னா. என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, மிச்ச காசுல ஐந்நூறை எடுத்து தனியா முடிச்சுப் போட்டா. "இவளுக்கு முதல் வண்டி புதுசு. இப்பவே சேர்க்க ஆரம்பிக்கறேன்."

ரெண்டு நாள் கழிச்சு வண்டி நீலக் கலர்ல வந்துச்சு. கலர் பையன் செலக்‌ஷன். கியர் இல்லைன்னு உம்முன்னு இருந்தவன், சாயந்திரத்துக்குள்ள தெருவை முப்பது ரவுண்டு அடிச்சுட்டான். பெல் மட்டும் குட்டிப் பொண்ணு தேடி எடுத்தது. வண்டி நிக்கிற நேரமெல்லாம் பக்கத்துல நின்னு அவதான் அடிச்சுக்கிட்டிருக்கா.