பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி

மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே செல்லும் பஸ் வண்டி கல்லடிப் பாலத்தைக் கடந்ததும், கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாகக் கிடக்கும் ஒடுங்கிய நிலத்தின் வழியே ஓடத் தொடங்குகிறது. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறைகின்றன. பெரியநீலாவணையோடு அம்பாறை மாவட்டம் ஆரம்பமாகின்றது. கைத்தறிக்குப் பெயர்போன மருதமுனை, திரௌபதை அம்மன் கோயில் கொண்ட பாண்டிருப்பு, அப்பால் கல்முனை. ஏறத்தாழ 40 கிலோமீற்றர்ப் பயணம். தமிழர் ஊர் எங்கே முடிந்தது, முஸ்லிம் ஊர் எங்கே தொடங்கியது என்பதைக் கோபுரத்தையும் மினாராவையும் பார்த்தே புதியவர் அறிதல் கூடும். இரு சாராரும் பேசுவது ஒரே தமிழ். உண்பது ஒரே வயலின் அரிசி.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் இவ்வழியே பயணஞ் செய்தோம். நம் மடியில் ஒரு மூன்றடுக்குத் தூக்குச்சட்டி இருந்தது. அருகே நம் மனைவியார், சட்டி சரிந்துவிடாதபடி ஒரு கையால் அதன் பிடியைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருந்தார். போகுமிடம் சாய்ந்தமருது. அங்கே நமக்கு வேண்டிய ஒரு வீட்டில் பெண் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

கல்முனைப் பகுதியைக் காணவருவோர் அதன் பெரிய சந்தையையும், கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றத்தையும், காரைதீவிலே 1892 இல் பிறந்த விபுலானந்த அடிகளையும் பற்றி எழுதுவது வழக்கம். அவை எழுதத் தக்கனவே. ஆயினும் இக்கரையோரத்தில் வீட்டுக்கு வீடு நடமாடும் இந்தத் தூக்குச்சட்டியைப் பற்றி எவரும் எழுதக் கண்டிலோம்.

வளவும் அடுப்பும்

நாம் பிறந்து வளர்ந்தது காரைதீவில். சாய்ந்தமருதுக்குத் தெற்கே, நிந்தவூருக்கு வடக்கே உள்ள தமிழ்க் கிராமம் அது. இவ்விடத்துக் குடும்ப வாழ்க்கையை அறிய விரும்புவோர் முதலிற் பார்க்கவேண்டியது வளவை. இங்கே மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடு பெண்ணுக்குச் சீதனம். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர், அவ்வளவிலேயோ அருகிலேயோ இன்னொரு வீடு கட்டி, பின்னர் அதை அடுத்தவளுக்கு விட்டுக்கொடுப்பர். இவ்வாறு தாயும் பெண்மக்களும் கூப்பிடு தூரத்தில் வாழ்வர். தாய்வழியாக வரும் 'குடி' முறை கோயிற் காரியத்திலும் பள்ளிவாசற் காரியத்திலும் இடம்பெறுவதுண்டு. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாக உள்ள இவ்வழக்கத்தை, அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க மானிடவியல் அறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே 2008 இல் வெளியிட்ட தமது பெருநூலில் விரிவாக எழுதியுள்ளார்.

இத்தகைய வளவில் ஒரு பெண் பிள்ளை பெற்றால், அவளைச் சுற்றி நாலைந்து அடுப்புகள் எரியும். தாய் சரக்கு அரைப்பாள். தமக்கை மீன் கழுவுவாள். சாச்சி குழந்தையைக் குளிப்பாட்டுவாள். முஸ்லிம் வீடுகளில் 40 நாள், நம்மவர் வீடுகளில் துடக்குக் கழியும் 31 ஆம் நாள் வரை, தாய் அடுப்படிக்குப் போகாமல் இருக்க இயல்வது இதனாலேதான். உலகின் பிற பாகங்களிலும் இவ்வழக்கம் இல்லாமல் இல்லை. சீனர் பிள்ளை பெற்றவளை ஒரு மாதம் வீட்டிலிருத்தி இஞ்சி சேர்த்த உணவுகள் கொடுப்பர். கொரிய நாட்டில் கடற்பாசிச் சூப்பு. மெக்சிக்கோவிலும் 40 நாள் ஓய்வு என்றே கணக்கு. எங்கும் அடிப்படை ஒன்றே. பிள்ளை பெற்றவள் சமைக்கலாகாது. ஆகவே வேறொருவர் சமைத்தல் வேண்டும்.

மேல் தட்டில் ஒரு முட்டை

1984 ஆம் ஆண்டில் நம் தங்கை பிறந்தாள். நமக்கு அப்போது ஆறு வயது. தந்தையாரோடு ஒரே பாடசாலையிற் படிப்பித்த முஸ்லிம் ஆசிரியர் ஒருவர் சாய்ந்தமருதில் இருந்தார். அவருடைய துணைவியாரை, அவர் பிள்ளைகள் அழைப்பதைக் கேட்டுப் பழகி, நாமும் 'உம்மா' என்றே அழைப்போம். தங்கை பிறந்த மூன்றாம் நாள் உம்மா ஒரு தூக்குச்சட்டியோடு வந்தார். கீழ்த்தட்டில் பிட்டு, நடுத்தட்டில் சுறா வறை. மேல் தட்டைத் திறந்தபோது பச்சை மிளகாயும் வெங்காயமும் போட்டுப் பொரித்த முட்டை ஒன்று இருந்தது. "இது மகனுக்கு" என்று நம்மைக் காட்டினார்.

வீடெங்கும் மிளகு, உள்ளி, நற்சீரக மணம் கமழ்ந்த அந்நாட்களில், எல்லாருடைய கண்ணும் தாயின் மீதும் குழந்தையின் மீதும் இருந்தது. மூத்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதை நினைத்து ஒரு முட்டை பொரித்தவர் உம்மா ஒருவரே. அதன் சுவை இன்னும் நம் நாவை விட்டு நீங்கவில்லை.

அடுத்த ஆண்டே அந்த நடமாட்டம் நின்றது. 1985 இலும் பின்னர் 1990 இலும் இக்கரையோரத்தில் இரு சமூகத்தவரும் உயிரையும் உடைமையையும் இழந்தனர். யார் முதலில், யார் அதிகம் என்று கணக்குப் பார்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. நம் குடும்பம் மட்டக்களப்புக்கு ஓடிச் சென்று வாடகை வீடொன்றில் தங்கியது. 1986 இல் தம்பி அங்கே பிறந்தான். பெரியம்மா ஒருவர் திருகோணமலையில், சின்னம்மா ஊரில். சுற்றியிருந்த அடுப்புகளெல்லாம் சிதறிப்போயின. தந்தையார் சமைத்தார். அடிப்பிடித்த சோற்றையும் அவர் ஆக்கிய உப்புக் கூடிய குழம்பையும் அன்னையார் ஒரு சொல்லும் சொல்லாமல் உண்டதை நாம் கண்டோம். பத்தாம் நாளே அவர் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

கடல் கொண்ட வளவு

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களின் கடலோர வளவுகள் வெறும் மணலாயின. உம்மாவின் வளவும் அவற்றுள் ஒன்று. செய்தி அறிந்து நம் அன்னையார் சோற்றுப் பார்சல்கள் கட்டிக்கொண்டு நம்மையும் அழைத்துச் சென்றார். தஞ்சம் புகுந்தோர் நிறைந்திருந்த பாடசாலை ஒன்றின் வகுப்பறையில் உம்மாவைக் கண்டோம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின் இரு பெண்களும் சந்தித்தனர். பேச்சு அதிகம் இல்லை. அன்னையார் பார்சலைப் பிரித்துக் கையிற் கொடுத்தார், உம்மா உண்டார்.

கடலோரத்தில் மீண்டும் வீடு கட்டத் தடை வந்தபோது, மக்கள் ஊரின் மேற்குப் புறத்திலும் மாடிக் குடியிருப்புகளிலும் இடம்பெற்றனர். கூரை கிடைத்தது, ஆனால் வளவு கிடைக்கவில்லை. தாய் ஓரிடம், மகள் வேறிடம். 'குடும்பத் தலைவர்' என்ற சொல்லால் பெண்ணின் சீதன வீட்டுக்கு ஈடான புதுவீடு ஆணின் பெயரில் எழுதப்பட்டதும் உண்டு. தாயும் பெண்மக்களும் ஒரு வளவில் வாழ்ந்த முறையின்மேல் இச்சிதறல் என்ன செய்தது என்பதை, ஒரு பிள்ளை பிறக்கும்போதுதான் நன்கு உணரலாம்.

சாய்ந்தமருதில்

நாம் சென்ற வீடு மாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் தளத்தில் இருந்தது. உம்மாவுக்கு இப்போது எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய மகளை நாம் 'ராத்தா' என்போம். ராத்தாவின் மகளுக்கே இரண்டாவது குழந்தை. மூத்தது ஐந்து வயதுச் சிறுவன். கதவுக்குப் பின்னால் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நம் மனைவியார் தூக்குச்சட்டியைத் திறந்தார். அரிசிமாப் பிட்டு, சுறா வறை, முருங்கையிலைச் சுண்டல். அவற்றின்மேல் வாழையிலைத் துண்டில் மடித்த பொரித்த முட்டை ஒன்று. அதைக் கண்டதும் உம்மா சிரித்தார். "மகனுக்கு இன்னும் அது மறக்கல்லயா?" என்றார்.

பிறகு ராத்தாவைப் பார்த்தபடி அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: "எல்லாரும் பிள்ளை பெத்தவளுக்குத்தான் கொண்டு வாறாங்க மகன். ஆக்கிப் போடுறவளயும் ஒருக்காப் பாக்கணும்."

ராத்தாவின் கண்களிலே தூக்கம் இல்லை. இரவில் குழந்தையோடும் பகலில் அடுப்போடும் பன்னிரண்டு நாள் கழித்திருந்தார். பழைய வளவில் நாலு பேர் பகிர்ந்த வேலை இப்போது ஒருவர் தலையில். நாம் கொண்டுபோன பிட்டில் முதற் பங்கை உம்மா ராத்தாவுக்கே வைத்தார்.

அனுப்பத் தக்கவை

பிள்ளை பெற்ற வீட்டுக்கு எதை அனுப்பலாம் என்று வாசகர்கள், சிறப்பாக வெளியூரிலே படிக்கும் மாணவர்கள், கேட்கக்கூடும். எளியன சிலவற்றை நம் மனைவியாரிடமும் உம்மாவிடமும் கேட்டு எழுதுகிறோம்.

முதலாவது சரக்குக் கறி. மல்லி இரண்டு மேசைக்கரண்டி, நற்சீரகம் ஒரு தேக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, ஒரு துண்டு மஞ்சள், பத்துப் பல்லு உள்ளி ஆகியவற்றை மையாக அரைக்கவேண்டும். அதைத் தண்ணீரிற் கரைத்து உப்பிட்டுக் கொதிக்கவைத்து, கழுவிய சிறு மீனைப் போட்டு இறக்கினால் போதும். சூடை, கீரி, பாரைக் குட்டி எதுவும் ஆகும். மீன் அன்று பிடித்ததாக இருத்தல் அவசியம். சமைக்க நேரமில்லாதோர் அரைத்த சரக்கை மட்டும் ஒரு போத்தலில் இட்டுக் கொடுத்தாலும் அவ்வீட்டாருக்குப் பேருதவி. இரண்டொரு நாளுக்குள் அதைப் பாவித்துவிட வேண்டும்.

இரண்டாவது சுறா வறை. பால் சுரக்க நல்லது என்பது முன்னோர் நம்பிக்கை. சுறாத் துண்டுகளை மஞ்சளும் உப்பும் இட்டு அவித்து, தோல் நீக்கி, நீரைப் பிழிந்து உதிர்க்கவேண்டும். வெங்காயம், உள்ளி, மிளகுத்தூள், சீரகத்தூள், தேங்காய்ப்பூ சேர்த்து ஈரம் வற்றும்வரை கிளறினால் வறை ஆயிற்று. பெரிய சுறாக்களின் ஊனில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்று இக்கால ஆராய்ச்சியாளர் எச்சரிப்பதால், சிறு குட்டிச் சுறாவையே, அதுவும் எப்போதாவது, சமைப்பது நன்று. சுறாவுக்குப் பதிலாக வேறு சிறு மீனை அவித்து முள் நீக்கியும் வறை செய்யலாம்.

மூன்றாவது உள்ளியும் வெந்தயமும் தேங்காய்ப் பாலும் சேர்த்த அரிசிக் கஞ்சி. இரவில் பால் கொடுத்து எழும் தாய்க்கு, சூடாக்கிக் குடிக்க இதைவிட இலகுவானது இல்லை.

சமயம் வேறுபட்ட வீடுகளுக்கு அனுப்புவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. நம் வீட்டிலிருந்து இறைச்சிக் கறி போவதில்லை. அவர்கள் வீட்டிலிருந்து மாட்டிறைச்சி வருவதில்லை. மீனுக்கும் மரக்கறிக்கும் இரு வீட்டிலும் தடையில்லை. இதை யாரும் சட்டமாக எழுதிவைக்கவில்லை. சிறுவயதிலேயே பார்த்துப் பழகினோம்.

பத்தியம் என்ற பெயரால் தாயை வாட்டுவதும் தகாது. தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று அதைக் குறைக்கும் வழக்கம் சில வீடுகளில் இருந்தது. வீடு தேடிவரும் குடும்பநல மாது, நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும், கீரையும் பழமும் முட்டையும் உண்ணவேண்டும் என்று சொல்லிப்போகிறார். அவர் சொல்வதே சரி. பழைய சரக்குக் கறிக்கும் புதிய வைத்தியத்துக்கும் இதில் பகையில்லை.

இன்னுஞ் சில: முன்கூட்டியே கேட்டு அனுப்புங்கள், ஒரே நாளில் ஐந்து வீட்டுப் பிட்டு வந்தால் வீணாகும். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் சேர்த்து அனுப்புங்கள். சட்டியை உடனே திருப்பிக் கேட்காதீர்கள். நெடுநேரம் இருந்து பேசாதீர்கள். பிள்ளை பெற்றவள் உறங்கட்டும்.

திரும்பும் வழியில்

நாம் எழுந்தபோது உம்மா தூக்குச்சட்டியைக் கழுவித் துடைத்து, ஒரு தட்டில் பச்சரிசியும் மற்றதில் வாழைப்பழமும் வைத்துத் தந்தார். சட்டியை வெறுமையாகத் திருப்பும் வழக்கம் இங்கே இல்லை. மூத்த சிறுவன் முட்டையை முழுதும் தின்றுவிட்டு, இன்னொன்று இருக்கிறதா என்று நம் மனைவியாரிடம் கேட்டான்.

வாசலில் ராத்தா தம் கைத்தொலைபேசியைக் காட்டினார். சிதறிப்போன சகோதரிகளும் மச்சிமாரும் சேர்ந்து அதிலே ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். திங்கள் கல்முனைக்குடிச் சாச்சி, செவ்வாய் நிந்தவூர் மச்சி என்று நாளுக்கொரு வீடு முறை வைத்துச் சமைக்கிறது. ஓட்டோவில் சட்டி வந்துசேர்கிறது. மக்கள் தாமே தேடிக்கொண்ட வழி இது. வளவின் வேலை முழுவதையும் அது செய்துவிடாது. ராத்தாவின் முகத்தைப் பார்த்தாலே அது தெரியும். ஆயினும் ஒரு நேரச் சமையலாவது அவருக்குக் குறைகிறது.

பட்டியலில் ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே இடம் வெறுமையாக இருந்தது. "40 நாள் மட்டும் உங்கட பேரப் போடட்டா தம்பி? தூரந்தான்" என்று ராத்தா தயங்கினார். நம் மனைவியார் நம்மைப் பாராமலே "போடுங்க ராத்தா" என்றார்.

கல்முனையில் பஸ் ஏறினோம். பாண்டிருப்பைத் தாண்டும்போது, அடுத்த ஞாயிறு முட்டை இரண்டாகப் பொரிக்கவேண்டும் என்றார் மனைவியார்.